கண்மாய் தூர்வார: எந்தக் கணக்கு, எந்தக் காசு?

"எங்கள் கண்மாய் தூர்ந்து கிடக்கிறது, நிதி ஒதுக்க வேண்டும்." பெரும்பாலான மனுக்கள் இப்படித் தொடங்கி இதிலேயே முடிந்துவிடும். அப்புறம் அந்த மனு மேசை மேசையாக நகர்ந்துகொண்டே இருக்கும். அதற்கு அலட்சியம் மட்டுமே காரணம் இல்லை. கண்மாய் எந்தத் துறையுடையது என்பதையே ஓர் எண்தான் முடிவு செய்கிறது. ஆயக்கட்டு, அதாவது அதன் தண்ணீரால் பாயும் நிலம், 40 எக்டேருக்கு (100 ஏக்கருக்கு) மேல் என்றால் நீர்வளத்துறை; அதற்குள் என்றால் ஊராட்சி ஒன்றியம். தமிழ்நாட்டின் சுமார் 39,000 ஏரி, கண்மாய்களில் ஏறத்தாழ 14,000 நீர்வளத்துறையிடமும் மிச்சம் ஒன்றியங்களிடமும் இருக்கின்றன. பதிவேட்டில் 38 எக்டேர் என்று இருக்கும் கண்மாய்க்காக நீர்வளத்துறைப் பொறியாளரிடம் போய் நின்றால், "இது எங்களுது இல்லைங்க" என்ற ஒரே வரியோடு திரும்ப வேண்டியதுதான்.

ஆகவே காசைக் கேட்பதற்கு முன் கணக்கை எடுக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால் கணக்கு ஒன்றல்ல, நான்கு.

முதலாவது அடங்கல். விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) வைத்திருக்கும் கிராமக் கணக்கு எண் 2. எந்தச் சர்வே எண்ணில் எந்தப் பயிர், எத்தனை ஏர், எந்தப் பாசனம் என்று வரிக்கு வரி இருக்கும். கண்மாய்க்கு அருகில் இவ்வளவு நெருங்கிப் போகும் வேறு அரசுக் கணக்கு கிடையாது. ஆனால் அது வயலில் நடந்து எழுதியதா, நாற்காலியில் உட்கார்ந்து போன பசலியை (வருவாய் ஆண்டை)ப் பார்த்து எழுதியதா என்பதுதான் கேள்வி. ஐந்து பசலிக்குத் தொடர்ந்து ஒரே பயிர், ஒரே பரப்பு இருந்தால் பதில் உங்களுக்கே தெரிந்துவிடும். மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பு இதைச் சரிசெய்யும் என்கிறார்கள். விஏஓக்கள் அந்த வேலையை ஏற்க மறுத்ததால், 2024 நவம்பரில் வேளாண் கல்லூரி மாணவர்களை வயல்காட்டுக்குள் இறக்கிவிட்டார்கள். அந்த முதல் சுற்றை நம்பி நான் மனு எழுத மாட்டேன்.

இரண்டாவது, பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை ஆண்டுதோறும் வெளியிடும் பருவ, பயிர் அறிக்கை. இதற்கு அடித்தளமே அடங்கல்தான்; கூட்டிக் கூட்டி மேலே போகும்போது உங்கள் ஊர் மாவட்டத்துக்குள் கரைந்துவிடும். ஒரே ஒரு விஷயத்துக்கு இது உதவும்: காலப்போக்கு. 1960களின் தொடக்கத்தில் ஏரிப் பாசனம் 9 லட்சம் எக்டேருக்கு மேல் இருந்தது. இன்று அதில் பாதிகூட இல்லை, கிணறுதான் முதலிடம். மனுவின் முதல் பத்தியில் இதற்கு ஓர் இடம் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

மூன்றாவது வேளாண் கணக்கெடுப்பு. 1970-71 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடப்பது. 2015-16 கணக்குப்படி தமிழ்நாட்டில் 79.38 லட்சம் கைப்பற்றுகள் (ஒருவர் சாகுபடி செய்யும் மொத்த நிலம் ஒரு கைப்பற்று), சராசரி 0.75 எக்டேர். பட்டா யார் பெயரில் என்று பார்க்காமல் உண்மையில் சாகுபடி செய்பவரை எண்ணுவது இதன் சிறப்பு. குத்தகைக்கு உழுபவர் பெயர் அடங்கலில் ஏறுவது அபூர்வம். இங்கே அவருக்கும் இடம் உண்டு. ஆனால் கண்மாய் என்ற ஒன்று இந்தக் கணக்கின் கண்ணிலேயே படாது.

நான்காவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்: சிறுபாசனக் கணக்கெடுப்பும் அதோடு சேர்ந்து நடந்த நீர்நிலைக் கணக்கெடுப்பும். 2017-18ஐ அடிப்படையாகக் கொண்டு 2023இல் வெளிவந்தது. நாடு முழுக்க 24,24,540 நீர்நிலைகள், தமிழ்நாட்டில் 1,06,957. மேலே 39,000 என்றேனே, அந்த எண் எங்கே போனது? ஊருணி, குளம், குட்டை எல்லாவற்றையும் இதில் சேர்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு நீர்நிலையும் பயன்பாட்டில் இருக்கிறதா, இல்லையென்றால் ஏன், ஆக்கிரமிப்பு உண்டா என்று கேட்டுப் பதிந்தார்கள். நாடு முழுவதும் ஆக்கிரமிப்புக்கு உள்ளானவை 1.6 விழுக்காடுதானாம். தென்மாவட்டத்தில் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் ஒரு வரத்துக்காலையாவது நடந்து பார்த்தவர் சிரிப்பார். ஆனாலும் உங்கள் கண்மாய் "பயன்பாட்டில் இல்லை, காரணம்: தூர்வு" என்று அதில் ஏறியிருந்தால், அது அரசே எழுதிக் கொடுத்த சாட்சி. அந்த வரியும் அடங்கலும் சேர்ந்தால்தான் மனு. மற்ற இரண்டும் அலங்காரம்.

சரி, காசுக்கு வருவோம்.

குடிமராமத்து மாதிரியான மாநில நிதி ஒரு வழி. பழைய பெயரை மீட்டு 2016-17இல் 100 கோடி ரூபாயோடு தொடங்கினார்கள். 2019-20இல் 499.68 கோடி, 1,829 பணிகள். வகுத்துப் பார்த்தால் பணிக்குச் சராசரியாக 27 லட்சம். சிறிய நீர்நிலைகளுக்கு 2024-25 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தது 5,000 நீர்நிலைகளுக்கு 500 கோடி, ஒன்றுக்கு 10 லட்சம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் 40 எக்டேர் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பதா அந்தப் பக்கம் இருப்பதா என்பதன் விலை ஓரளவு புரியும். இந்த வழியின் பலம் கட்டுமானம்: வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடை, மிகைநீர் வழியும் கலிங்கு, கரை. இயந்திரம் இறங்கும், வேலை ஒரு கோடையில் முடியும். ஆயக்கட்டுதாரர் சங்கத்தின் வழியாக வேலை, விவசாயிகள் பங்கு 10 விழுக்காடு என்று விதி சொன்னது. சங்கம் என்பது நான்கு பேரின் கையெழுத்தாகச் சுருங்கிய ஊர்களும் உண்டு. நீர்பாய்ச்சி (மடை திறந்து தண்ணீரைப் பங்கிடுபவர்) இன்னும் இருக்கிற ஊரில் இந்தக் காசு நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் எந்த மடை ஒழுகுகிறது என்று அவருக்குத் தெரியும்.

நூறு நாள் வேலை எளிதில் திறக்கும் கதவு. கிராம சபைத் தீர்மானம் போதும். ஆனால் அது கூலிக்கான சட்டம், கண்மாய்க்கானது அல்ல. கூலிக்குக் குறைந்தது 60, பொருளுக்கு அதிகபட்சம் 40 என்ற விகிதமும், ஆள் செய்யக்கூடிய வேலைக்கு இயந்திரம் கூடாது என்பதும் சேர்ந்தால், உள்வாயில், அதாவது கண்மாயின் உட்பரப்பில், மேலாக மண் அள்ளலாம்; இடிந்த கலிங்கைக் கட்டுவது கஷ்டம். வரத்துக்காலைத் துப்புரவாக்க மட்டும் இதைவிட நல்ல வழி இல்லை. ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலை அது, ஆட்கள் அந்த ஊர்க்காரர்களே. 2025 டிசம்பரில் இதற்குப் பதிலாக வந்த புதிய சட்டம் நாட்களை 125 ஆக்கி, செலவில் 40 விழுக்காட்டை மாநிலத்தின் தலையில் வைத்திருக்கிறது. கதவு முன்புபோல எளிதில் திறக்குமா என்பது மாநிலக் கஜானாவைப் பொறுத்தது.

நீர்வடிப்பகுதித் திட்டம் இந்த வரிசையில் பெரிய தொகை. சமவெளியில் எக்டேருக்கு 22,000 ரூபாய். 5,000 எக்டேர் என்றால் 11 கோடி. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு என்று முறையாகச் செய்வார்கள்: வரப்பு, பண்ணைக்குட்டை, தடுப்பணை. மனுக் கொடுத்து ஓர் ஊர் தனியாக இதில் நுழைய முடியாது, மாநில அளவில்தான் இடம் தேர்வாகும். எனக்கு இதில் ஒரு கவலை உண்டு. மேட்டில் பண்ணைக்குட்டையும் தடுப்பணையும் பெருகப் பெருக, மழை குறைந்த ஆண்டில் கீழே இருக்கும் கண்மாய்க்கு வர வேண்டிய தண்ணீர் மேலேயே நின்றுவிடும். மேட்டுக்காரரின் கிணறு ஊறும், ஆயக்கட்டுக்காரர் வானத்தைப் பார்ப்பார். திட்ட அறிக்கையில் மானாவாரி நிலத்துக்குக் கிடைக்கும் பயன் எண்ணாக ஏறும். கண்மாய் இழந்த தண்ணீருக்கு அதில் கட்டமே இருக்காது. உங்கள் பகுதி தேர்வாகியிருந்தால் கண்மாய் நிறைந்த ஆண்டுகளின் பட்டியலை முதல் கூட்டத்திலேயே கொண்டுபோய் வையுங்கள்.

நமக்கு நாமே திட்டம் மூன்றில் ஒரு பங்கு ஊர்க் காசு கேட்கும். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் ஊருக்குச் சரி.

காசே கேட்காத வழி ஒன்றும் இருக்கிறது. வண்டல் மண். விவசாயிகள் தாசில்தாரிடம் அனுமதி வாங்கி நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர் இலவசமாக அள்ளலாம். நூறு ஏக்கர் நஞ்சைக்காரர்கள் எல்லோரும் எடுத்தால் 7,500 கன மீட்டர், அதாவது 75 லட்சம் லிட்டர் தண்ணீருக்கு இடம். வயலுக்கும் உரம். அடங்கலில் நஞ்சை என்றிருக்கிறதா புஞ்சை என்றிருக்கிறதா என்பதே அளவைத் தீர்மானிப்பதால் இங்கேயும் கணக்குத்தான் முன்னால் நிற்கிறது. ஆனால் கவனம் இல்லையென்றால் வண்டல் என்ற பெயரில் வெளியூர் லாரி நுழையும், கரையை ஒட்டிப் பள்ளம் விழும், மடைமட்டத்துக்குக் கீழே குழி தோண்டுவார்கள். அந்தக் குழியில் நிற்கும் தண்ணீர் மடைவழியே ஒரு சொட்டும் வயலுக்குப் போகாது.

என் வரிசை இது: முதல் கோடையில் வண்டல், அதே ஆண்டு வரத்துக்காலுக்கு நூறு நாள் ஆட்கள், மடைக்கும் கலிங்குக்கும் மட்டும் மாநில நிதி. ஜமாபந்தி, அதாவது வருவாய்க் கணக்குகளின் ஆண்டுத் தணிக்கை, நடக்கும் நாளில் போய் அடங்கல் நகலையும் ஆயக்கட்டுப் பதிவையும் கேளுங்கள். வருவாய்த் துறைக்காரர்கள் கணக்கு நோட்டுகளோடு ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் நாட்கள் வருஷத்தில் அவ்வளவுதான்.