கல்லூரி ஆய்வகத்தில் உலைச்செங்கல் சோதனை: எங்கள் அனுபவம்

சேலத்து வெள்ளைக்கல்லை, அதாவது மேக்னசைட்டை, சூளையில் சுடும்போது கரியமில வாயு வெளியேறி, சுமார் 2,800 டிகிரி செல்சியஸில்தான் உருகும் மெக்னீசியா எஞ்சுகிறது. அதில் செய்த செங்கற்களை எங்கள் வார்ப்பட உலைக்கு வாங்குமுன், நகருக்கு வெளியே உள்ள ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திச் சோதித்தோம்.

வெப்ப அதிர்ச்சிச் சோதனைதான், அதாவது செங்கல்லைச் சூடாக்கி வேகமாக ஆறவிடுவதைச் சுற்றுச் சுற்றாகச் செய்து விரிசல் விடுகிறதா என்று பார்ப்பதுதான், அங்கே சிறப்பு. 1,000 டிகிரி உலையிலிருந்து இடுக்கியால் எடுத்த செங்கல்லை ஆய்வு மாணவர் இரும்புத் தட்டில் வைத்து விசிறிக்காற்றில் ஆறவிட்டார். வாளித் தண்ணீரில் போட்டால் வேலை சீக்கிரம் முடியுமே என்றேன். மெக்னீசியா நீரை ஏற்று ஹைட்ராக்சைடாகி உப்பி வெடிக்கும் என்பதால், விரிசலுக்குக் காரணம் வெப்பமா நீரா என்று பிரித்தறிய முடியாமல் போகும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். ஒன்பதாவது சுற்றில் மூலையிலிருந்து மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியது. அது மெக்னீசியாத் துகள்களைப் பிளக்காமல், அவற்றை ஒட்டவைத்திருந்த சிலிகேட் என்ற கனிமப் பொருளின் வழியாகவே சென்றிருந்ததை நுண்ணோக்கியில் காட்டினார். விற்பனையாளர் எவரும் இவ்வளவு சொன்னதில்லை.

குறையும் உண்டு. செங்கல் தாங்க வேண்டிய உருகிய எஃகு ஏறத்தாழ 1,600 டிகிரியில் இருக்க, அவர்களுடைய உலை 1,400 டிகிரியோடு நின்றுவிடுகிறது. இதைப் பணம் கட்டிய பிறகே சொன்னார்கள். அறிக்கை வர மூன்று வாரமானது, அதிலிருந்த படங்களில் அளவுகோல்கூட இல்லை. விரிசல் சோதனைக்கு மீண்டும் அங்கேதான் செல்வோம். உச்ச வெப்பச் சோதனைக்கு வேறிடம் பார்க்கிறோம்.