எருமைக் கொம்புப் பட்டைகள்: பழைய சவரக்கத்திக்கு எந்த வகை ஏற்றது?

மடக்குச் சவரக்கத்திக்குப் புதுப் பிடி போட விற்கும் எருமைக் கொம்பு இரண்டு விதமாக வருகிறது. ஒன்று, வெறும் செவ்வகப் பட்டைகள். ஜோடியாக, சுமார் 150 மி.மீ. நீளம், 25 மி.மீ. அகலம், 3 அல்லது 4 மி.மீ. தடிமன். மற்றது, வடிவம் வெட்டி, துளையும் போட்டு, பித்தளைக் கம்பி, வாஷர், ஆப்பு (பிடியின் கடைசி முனையில் இரண்டு பட்டைகளுக்கும் நடுவே வைக்கும் துண்டு) எல்லாம் சேர்த்த தொகுப்பு. முதல் வகையைத் தயங்காமல் வாங்கலாம். இரண்டாவது வேலையை மிச்சம் பிடிப்பதுபோல் தெரியும், ஆனால் பழைய கத்திக்குச் சரிப்படாது.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் ஜெர்மனியின் சோலிங்கனிலும் கையால் சாணை பிடித்த கத்திகளில் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. கழுத்து நீளம் வேறு, துளை இருக்கும் இடம் வேறு, அகலம் 5/8 அங்குலமும் இருக்கும், 7/8 அங்குலமும் இருக்கும். போதாததற்குப் பல ஆண்டுகள் தீட்டித் தீட்டி அகலமும் குறைந்திருக்கும். யாரோ ஊகித்துப் போட்ட துளையில் இதை மாட்டினால் மடக்கும்போது கூர்வாய் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், இல்லையென்றால் நுனி போய் ஆப்பில் இடிக்கும். துளையை மாற்றிப் போடவும் வழியில்லை. பழைய துளைக்கும் புதியதற்கும் நடுவே 2 மி.மீ. கொம்புதான் மிஞ்சும், அது கண்டிப்பாக விரிசல் விடும்.

பட்டை கைக்கு வந்ததும் ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய எல்லாமே கொஞ்சமாவது வளைந்திருக்கும். அதைக் குறையாகக் கருத வேண்டாம். கொம்பின் உட்குழிவான பகுதியைச் சூடாக்கி அழுத்தித்தான் தட்டையாக்குகிறார்கள், அது பழைய வளைவுக்குத் திரும்பப் பார்க்கும். கொதிக்கும் நீரில் சில நிமிடம் போட்டு எடுத்து, இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே இறுக்கி, இரவு முழுக்க ஆற விட்டால் நிமிர்ந்துவிடும். நீர் குடித்திருப்பதால் உடனே வெட்டக் கூடாது. நான்கைந்து நாள் உலரட்டும். உலர்ந்த பிறகும் வளைந்தால் அந்தப் பட்டையை ஒதுக்கிவிடுங்கள்.

உண்மையான குறை அடுக்குப் பிரிவு. கொம்பு அடுக்கடுக்காக வளர்வது, அந்த அடுக்குகள் சில இடங்களில் ஒட்டாமல் இருக்கும். வெளிர்நிறக் கொம்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வெண்மையான கீற்றாகத் தெரிந்துவிடும். கறுப்புக் கொம்பு இந்த விஷயத்தில் ஏமாற்றும். எண் 600 உப்புத்தாள் தாண்டிய பிறகுதான் விரிசல் முகம் காட்டும். வாங்கியவுடன் விளிம்புகளை எண் 220 தாளில் லேசாகத் தேய்த்து, ஸ்பிரிட் தடவிப் பாருங்கள். பிரிவு இருந்தால் ஸ்பிரிட் உள்ளே இறங்கி மெல்லிய கோடாகத் தெரியும், சுற்றிலும் உலர்ந்த பிறகும் அந்தக் கோடு ஈரமாகவே இருக்கும்.

கொம்பில் கை வைக்கும் முன் கத்தி அதற்குத் தகுதியானதா என்று பார்த்துவிட வேண்டும். பழைய பிடி செல்லுலாய்டு (பழைய வகை பிளாஸ்டிக்) என்றால் அதைக் கழற்றித் தனியே வையுங்கள். அது சிதையும்போது வெளிவிடும் ஆவி எஃகை அரிக்கும், எளிதில் தீப்பற்றும் பொருளும்கூட. ஆணியைக் கழற்ற, தலையை அரத்தால் சமமாக ராவி, நடுவில் சின்னக் குழி போட்டு, ஒரு நட்டின் மேல் வைத்துத் தட்டி இறக்குங்கள். ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் நல்ல பிடியும் உடையும். ஆப்பு ஈயமாக இருந்தால் உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். துரு போக்க எண் 400 தாளும் எண்ணெயும் கொண்டு கையால் தேய்ப்பதே நல்லது. மெஷின் சக்கரத்தில் பிடித்தால் மெல்லிய வாய் சில நொடிகளில் நீலம் பாயும், பதம் போய்விடும். பிறகு எண் 1000 தீட்டுக்கல்லில் தீட்டி, வாயைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். கடைசி ஒரு மில்லிமீட்டரில் துருக்குழி இருந்தால், எத்தனை அழகான பிடி போட்டாலும் அது முகத்தைக் கீறும்.

அட்டையில் முதலில் பிடியின் அச்சு வெட்டி, ஒரு குண்டூசியை அச்சாணியாக வைத்துக் கத்தியை மடக்கிப் பாருங்கள். வாய் முழுக்க மறைய வேண்டும், நுனிக்கும் ஆப்புக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளி வேண்டும். அது சரியானதும் இரண்டு பட்டைகளையும் இருபக்க டேப்பால் ஒட்டி, ஒரே கட்டையாகவே அறுத்து, ராவி, துளை போடுங்கள். கம்பி 1/16 அங்குலம், அதாவது 1.6 மி.மீ.; டிரில் பிட்டும் அதே அளவு. கையில் பிடித்துத் துளையிட வேண்டாம், டிரில் ஸ்டாண்டு அவசியம். மெதுவாக, அடிக்கடி பிட்டைத் தூக்கி எடுத்துத் துளையிட வேண்டும். முடி கருகும் வாடை வந்தால் கொம்பு சுடுகிறது என்று பொருள். முகமூடியும் கட்டாயம், கொம்புத் தூசி மூச்சுக்குழாய்க்கு ஆகாது.

எல்லாம் சரியாகச் செய்தும் கத்தி ஒரு பக்கமாகச் சாய்ந்து பிடியில் உரசினால், பெரும்பாலும் குற்றவாளி ஆப்புதான். ஆப்பில் போட்ட துளை சற்றே சாய்வாக இருந்தால் ஒரு பட்டை மற்றதைவிட முன்னால் தள்ளிப்போகும். உடனே எதிர்முனையில் அச்சாணித் துளைகளும் நேருக்கு நேர் இராது. கணக்குப் போட்டால் தெரியும்: இரண்டு பட்டைகளின் நடுக்கோடுகளுக்கு இடையே 8 மி.மீ. என்றால், கால் மில்லிமீட்டர் நகர்வு 32-க்கு 1 என்ற சாய்வு. அச்சாணியிலிருந்து 80 மி.மீ. தள்ளி அது 2.5 மி.மீ. ஆகிறது. கத்திக்கு இருபுறமும் அவ்வளவு இடமே கிடையாது. தொகுப்புகளோடு வரும் ஆப்புகளில் இந்தத் துளை நேராக இருப்பது அபூர்வம். கொம்பு வெட்டிய மிச்சத் துண்டிலேயே ஆப்பு செய்து, பட்டையோடு சேரும் இடத்தில் வெளிச்சம் கசியாத வரை ராவிக்கொள்ளுங்கள்.

ஆணி அறையும் முன் 0-80 என்ற அமெரிக்க அளவில் (சுமார் 1.5 மி.மீ. தடிமன்) வரும் திருகும் நட்டும் போட்டு முழுக் கத்தியையும் ஒருமுறை பூட்டிப் பாருங்கள். 1.6 மி.மீ. துளையில் அது கச்சிதமாக நுழையும். சாய்வு, உரசல் எல்லாவற்றையும் கழற்றித் திருத்தும் வாய்ப்பு இதுதான். கத்தியின் துளை தேய்ந்து அகன்றிருந்தால், 3/32 அங்குலப் பித்தளைக் குழாயில் ஒரு துண்டு வெட்டி உள்ளே செருகினால் ஆட்டம் நிற்கும்.

பிடியின் தடிமனை இறுதியில் 2.5 மி.மீ. அளவுக்குக் கொண்டுவாருங்கள். 2 மி.மீ.க்குக் கீழே போனால் விரல் அழுத்தத்துக்கே வளைந்து, மடக்கும்போது வாய் உட்புறத்தில் இடிக்கும். உட்புறத்தைப் பூட்டுவதற்கு முன்பே மெருகேற்றிவிட வேண்டும், பிறகு கை போகாது. எண் 220, 400, 600, 1000, 2000 என்று ஏறிப் போய், கடைசியில் உலோகப் பாலிஷ் போட்டுத் துணியால் தேய்த்தால் கறுப்புக் கொம்பு எண்ணெய் தடவிய கருங்கல்போல ஆழமாக மின்னும். வார்னிஷோ சூப்பர் குளூவோ பூச வேண்டிய தேவையே இல்லை. கொம்புக்கு இந்த ஒளி சொந்தமானது.

பித்தளைக் கம்பி சில நேரம் மிக விறைப்பாக இருக்கும், தட்டினால் தலை பிளக்கும். நுனியை மட்டும் மங்கலான சிவப்பு வரும்வரை காய்ச்சி ஆற விட்டால் இளகும். வாஷருக்கு மேல் 1 மி.மீ. கம்பி நீட்டிக்கொண்டிருக்கட்டும். அதற்கு மேல் விட்டால் கம்பி கொம்புக்குள்ளேயே வளைந்து துளையை அகட்டும். குறைத்தால் தலை உருவாகாது. 100 கிராம் உருண்டைத்தலைச் சுத்தியலால், ஆணியின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி, நகத்தால் தட்டும் அளவு விசையில் அடியுங்கள். ஓங்கி ஓர் அடி விழுந்தால் வாஷருக்கு அடியிலிருந்து நட்சத்திர வடிவில் விரிசல் கிளம்பும். இதற்கு மருந்து கிடையாது. நாலு தட்டுக்கு ஒருமுறை கத்தியைத் திறந்து பாருங்கள். எந்தக் கோணத்தில் விட்டாலும் அது அங்கேயே நின்றால் இறுக்கம் போதும்.

புதுக் கொம்பு முதல் சில மாதம் அசையும், அச்சாணி தளர்ந்தால் இரண்டு தட்டு போதும். சவரம் முடிந்ததும் பிடியின் உட்புறத்தைத் துணிநுனியால் துடைத்து, மாதம் ஒருமுறை ஒரு சொட்டு மினரல் ஆயில் தடவுங்கள். நெடுநாள் பெட்டியில் வைப்பதென்றால், கொம்பு தின்னும் வண்டு துளைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.