அம்பாசடர் ஆயில் ஒழுகல்: மூன்று வருடம் தேடிய இடம்

அப்பாவின் 1977 அம்பாசடர் மார்க் 3 பதினொரு வருடமாக என் பொறுப்பில் இருக்கிறது. அதில் முதல் மூன்று வருடம், காலையில் வண்டியை நகர்த்தினால் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஆயில் தேங்கியிருக்கும். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஊற்றிக்கொண்டிருந்தேன். சைலன்சரில் நீலப் புகை இல்லை. அதனால் ஆயில் எரியவில்லை, ஒழுகத்தான் செய்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

சொட்டியது இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங்கின் அடியில். பார்த்தவர்கள் எல்லாரும் "பேக் சீல் போயிருச்சு" என்றார்கள், அதாவது இன்ஜினின் பின்முனையில் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம். ஒரு பட்டறையில் நம்பி இன்ஜினை இறக்கினேன். பன்னிரண்டு நாள், பதினெட்டாயிரம் ரூபாய். சம்ப் எனும் அடிப்பக்க ஆயில் தொட்டியின் பேக்கிங்கும் கிளட்ச் பிளேட்டும் புதிதாகப் போட்டார்கள். பத்தே நாளில் அதே இடத்தில் மறுபடி சொட்டியது. அன்று மனசு விட்டுப்போனது உண்மை.

அப்புறம்தான் இன்ஜினைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன். இந்த 1489 சிசி இன்ஜின் 1950களில் இங்கிலாந்தில் உருவான, பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் பி சீரிஸ். இதில் பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிரேங்கின் பின்முனைக்கு ரப்பர் சீலே கிடையாது. கிரேங்கிலேயே மரை போல ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். சுழலும்போது அது ஆயிலைத் திரும்ப சம்புக்குள் தள்ளிவிடும். இன்ஜின் உள்ளே காற்றழுத்தம் கூடினால் அந்த மரையால் தாக்குப்பிடிக்க முடியாது. அழுத்தத்தை வெளியேற்றத்தான் பிரீதர் குழாய் இருக்கிறது. என் வண்டியில் அந்தக் குழாயை யாருமே கழற்றிப் பார்த்ததில்லை.

தென்னூரில் ஒரு வயதான மெக்கானிக் வழி சொன்னார். "தம்பி, ஆயில் கீழேதான் இறங்கும். நீ மேலேருந்து பார்த்துட்டு வா."

இன்ஜின் முழுவதையும் டீசல் ஊற்றி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டேன். பிளாக்கின் பக்கங்களிலும் பின்பக்கத்திலும் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினேன். இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்துப் பார்த்தேன். இடப்பக்கம், மேனிஃபோல்டுக்குக் கீழே, பின்பக்க டேப்பட் கவரின் (வால்வுகளைத் தள்ளும் பாகங்களைப் பக்கவாட்டில் மூடும் தகடு) கீழ் ஓரத்தில் பவுடர் நனைந்து ஒரு கோடு. அது பிளாக்கை ஒட்டியே பின்னால் போய் பெல் ஹவுசிங்கில் இறங்கியிருந்தது. அடியில் படுத்துப் பார்ப்பவருக்கு அது பின்முனை ஒழுகல் போலத்தான் தெரியும்.

கார்புரேட்டரையும் மேனிஃபோல்டையும் கழற்றினால்தான் அங்கே கை போகும். அந்தக் கவரை ஒரே ஒரு போல்ட்தான் பிடித்திருக்கிறது. ஒழுகும்போதெல்லாம் யாரோ அதை இறுக்கி இறுக்கி, தகடு நடுவில் குழிந்து ஓரம் தூக்கிவிட்டது. கார்க் பேக்கிங் பிஸ்கட் மாதிரி உடைந்தது. தகட்டை மரக்கட்டையில் வைத்துத் தட்டி, கண்ணாடிப் பலகையில் வைத்து ஆடாமல் உட்காரும் வரை சரிசெய்தோம். புதிய பேக்கிங்கைக் கவரில் மட்டும் ஒட்டி, பிளாக் பக்கம் லேசாக கிரீஸ் தடவினோம். போல்ட் தலைக்கு அடியில் இருக்கும் வாஷரையும் மாற்ற வேண்டும், அந்த வழியாகவும் ஆயில் வரும். முறுக்கும்போது கை அடங்கியிருக்கட்டும். பேக்கிங் அமுங்கியதும் நிறுத்திவிடுங்கள்.

முன்பக்க டேப்பட் கவரோடு வரும் பிரீதர் குழாயில் தார் மாதிரி கசடு அடைத்திருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கம்பி விட்டுக் குத்தி எடுத்தேன். பேக்கிங், வாஷர், கூலி எல்லாம் சேர்த்து ஆயிரத்து இருநூறு ரூபாய்தான் ஆனது.

எட்டு வருடம் ஓடிவிட்டது. ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் பிரீதரைக் கழுவுகிறேன், டேப்பட் கவரை ஒருமுறை விரலால் தடவிப் பார்க்கிறேன். இடையில் ஆயில் ஊற்றுவது அரிதாகிவிட்டது. எங்கள் வாசல் சரிவானது. வண்டியின் முன்பக்கம் மேலே இருக்கும்படி இரவு நிறுத்தினால் காலையில் இரண்டு மூன்று சொட்டு இன்னும் விழுகிறது. அது அந்த மரை வழியாக வருவது. நின்ற இன்ஜினில் அதற்கு வேலை இல்லை. இப்போதெல்லாம் ரிவர்ஸில் ஏற்றி, முன்பக்கம் தெருவைப் பார்க்க நிறுத்துகிறேன். தரை காய்ந்தே இருக்கிறது.