துண்டு விழுந்த 18,344 பவுண்ட்: கடனைவிட விலை குறைந்த வீட்டை வங்கியின் ஒப்புதலோடு விற்ற அனுபவம்

லண்டனின் குரோய்டனில் இருந்த எங்கள் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டை 2025 அக்டோபரில் விற்றோம். விற்று வந்த பணம் அடமானக் கடனை அடைக்கப் போதாமல் 18,344 பவுண்ட் துண்டு விழுந்தது. இப்படிப்பட்ட விற்பனைகளுக்கு ஒப்புதல் கொடுக்கவும், துண்டு விழும் தொகையை எப்படி அடைப்பது என்று தீர்மானிக்கவும் எங்கள் வங்கியில் தனிப் பிரிவு ஒன்று இருக்கிறது. அந்தப் பிரிவின் சேவையைப் பற்றியதே இந்த மதிப்பீடு. வங்கியின் பெயரை எழுதப் போவதில்லை. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுக்கிறேன், அந்த மூன்றும் ஒரே ஓர் அலுவலருக்காக.

ஃபிளாட்டை 2021 செப்டம்பரில் 300,000 பவுண்டுக்கு வாங்கினோம். கையிலிருந்து போட்டது 5 சதவீதம், அதாவது 15,000. மீதி 285,000 கடன். நாட்டின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டி அப்போது 0.1 சதவீதம். 2023 ஆகஸ்டில் அது 5.25 சதவீதமாகி நின்றபோது, எங்களைப் போல் சிறிய முன்பணத்தோடு வருகிறவர்கள் வாங்கக்கூடிய விலையும் சேர்ந்தே இறங்கிவிட்டது. போதாததற்கு எங்கள் கட்டடத்தின் பராமரிப்புக் கட்டணம் மூன்றே ஆண்டுகளில் இரண்டு மடங்காகியிருந்தது. என் கணவரின் வேலை மான்செஸ்டருக்கு மாறியதும், வாடகைக்கு விடலாமா என்று முதலில் பார்த்தோம். வங்கி அனுமதிக்கத் தயாராகத்தான் இருந்தது. ஆனால் வாடகை வந்தாலும் மாதத் தவணைக்கும் பராமரிப்புக்கும் சேர்த்து எட்டவில்லை. விற்பது என்று முடிவெடுத்தோம்.

இந்த இடத்தில் என் பெரியம்மா சொன்னதைக் குறிப்பிட வேண்டும், ஏனென்றால் நம்மவர்களில் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள்: “சாவியை வங்கியிலேயே குடுத்திட்டு வா பிள்ளை, வீடு மூழ்கினால் கடனும் மூழ்கும்தானே.” அடகு வைத்த நகை மூழ்கினால் அத்தோடு கணக்கு முடிந்தது என்று விட்டுவிடுகிற பழக்கத்தில் வந்த எண்ணம் இது. இங்கிலாந்தில் வீடு அப்படி மூழ்குவதில்லை. சாவியை ஒப்படைத்த பிறகும் வட்டி ஏறும், வங்கி ஏலத்தில் விற்றால் பெரும்பாலும் குறைந்த விலையே கிடைக்கும், ஏலச் செலவும் நம் கணக்கில்தான் சேரும். துண்டு விழும் தொகையில் அசலைக் கேட்டு வழக்குப் போட வங்கிக்கு 12 ஆண்டுகளும் வட்டியைக் கேட்டுப் போட 6 ஆண்டுகளும் சட்டத்தில் இடமுண்டு. இருவர் பெயரில் கடன் இருந்தால் ஒவ்வொருவரும் முழுத் தொகைக்கும் பொறுப்பு. பாதிப் பாதி என்பதெல்லாம் குடும்பத்துக்குள் பேசிக்கொள்வதோடு சரி.

வங்கியின் ஒப்புதல் ஏன் தேவை என்றால், நிலப் பதிவகத்தில் வீட்டின் மீது வங்கியின் பெயரில் வில்லங்கம் பதிவாகியிருக்கிறது. முழுத் தொகையும் வராமலே அதை நீக்கிக்கொள்ள வங்கி எழுத்தில் இசைந்தாலன்றி, வாங்குபவரின் சொலிசிட்டர், அதாவது விற்பனையின் சட்ட வேலைகளைப் பார்க்கும் வழக்கறிஞர், ஒப்பந்தத்துக்குச் சம்மதிக்க மாட்டார். ஆகவே வாங்க ஆள் கிடைத்த பிறகு வங்கியிடம் போவது தலைகீழான வரிசை.

நாங்கள் சரியான வரிசையில்தான் போனோம், தடுமாறியது வங்கி. பொதுத் தொலைபேசி எண்ணில் மூன்று முறை பேசினேன். முதலாமவர் அப்படி விற்கவே முடியாது என்றார். இரண்டாமவர் சொலிசிட்டரைக் கேட்கச் சொன்னார். மூன்றாமவர், தவணை பாக்கி விழுந்தால்தான் அந்தப் பிரிவுக்கு மாற்ற முடியும் என்றார், ஒரு நாள்கூடத் தவறாமல் கட்டி வந்த என்னிடம்! அந்தப் பேச்சைக் கேட்டுத் தவணையை நிறுத்தியிருந்தால் எங்கள் கடன் வரலாறு ஆறு ஆண்டுகளுக்குக் கறைபட்டிருக்கும். எழுத்தில் புகார் கொடுத்தேன். இறுதிப் பதில் தர வங்கிக்கு 8 வாரம் அவகாசம் உண்டு; பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும் நிதிக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் போகலாம். ஆறாம் வாரத்தில் மன்னிப்புக் கடிதமும் 150 பவுண்டும் வந்தன. அதைவிடப் பெரிய பலன், அந்தப் பிரிவின் நேரடி எண் கிடைத்தது.

அங்கே எங்கள் கோப்பு ஒரே அலுவலரிடம் கடைசிவரை இருந்தது. வீடு விற்றுத் தரும் இரண்டு எஸ்டேட் ஏஜென்டுகளின் மதிப்பீடும் வரவு செலவுப் படிவமும் கேட்டார். படிவத்தில் நாய் பூனைக்கான செலவுக்கு ஒரு கட்டம் இருந்தது; யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவுக்கு மாதம் அனுப்பும் 150 பவுண்டுக்குக் கட்டம் இல்லை. அதைக் கேட்டபோது, ‘மற்றவை’ என்ற இடத்தில் தயங்காமல் எழுதுங்கள், மறைத்தால்தான் பின்னால் கட்ட முடியாத தவணைக்குச் சம்மதித்துவிடுவீர்கள் என்றார். வங்கிக்காரர் வாயிலிருந்து இதை நான் எதிர்பார்க்கவில்லை.

அவர் செய்த இன்னோர் உதவிக்குப் பணத்திலேயே மதிப்புண்டு. வட்டி விகிதம் மாறாத எங்களுடைய இரண்டாண்டு நிலை வட்டி ஒப்பந்தம் 2025 செப்டம்பர் முடிவு வரை இருந்தது. அதற்கு முன் கடனை அடைத்தால் 1 சதவீதம், ஏறத்தாழ 2,694 பவுண்ட், அபராதம். ஆகஸ்டில் முடிக்க ஏஜென்ட் துடித்துக்கொண்டிருந்தார். அக்டோபர் முதல் வாரத்துக்குத் தள்ளுங்கள் என்று அலுவலர் சொன்னார். நாங்களாக அந்தத் தேதியைக் கவனித்திருக்க மாட்டோம்.

விற்பனை விலை 258,000. ஏஜென்டுக்கு ஒன்றரை சதவீதமும் அதன் மேல் வாட் வரியும் சேர்த்து 4,644. சொலிசிட்டர், கட்டட நிர்வாகம் கேட்ட ஆவணக் கட்டணம் எல்லாமாக 2,300. கையில் மிஞ்சிய 251,056ஐக் கொண்டு 269,400 கடனை மீட்க வேண்டும். சேமிப்பிலிருந்து 6,344 கட்டினோம். மீதி 12,000ஐ வங்கி பிணையில்லாத தனிக் கடனாக மாற்றி, மாதம் 200 வீதம் 60 தவணைகளாகப் பிரித்துக் கொடுத்தது, வட்டி இல்லாமல். எல்லா வங்கியும் வட்டியை விடுவதில்லை. கையெழுத்திடும் முன் அந்த ஒரு வரியைத் தேடிப் படிக்க வேண்டும்.

கடைசி நாளில் மீண்டும் சறுக்கியது. வெள்ளிக்கிழமை முடிய வேண்டிய விற்பனை, வாங்குபவரின் பணம் வந்து சேராததால் திங்களுக்குப் போயிற்று. நிலை வட்டிக் காலம் முடிந்துவிட்டதால், நாளொன்றுக்கு 57 பவுண்ட் வட்டி ஓடிக்கொண்டிருந்தது. வங்கியின் ஒப்புதல் கடிதமோ வெள்ளிக்கிழமைத் தொகையைப் பென்னி வரை எழுதியிருந்தது. மூன்று நாள் வட்டி 171 பவுண்டைச் சேர்த்துப் புதிய கடிதம் வேண்டும் என்று சொலிசிட்டர் சொன்னார். எங்கள் அலுவலர் அன்று விடுப்பில். சாமான்கள் வேனில் ஏறிவிட்டன, பிள்ளைகள் வெறுந்தரையில் உட்கார்ந்து பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், நான் வேறொருவரிடம் முழுக் கதையையும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். பிற்பகல் மூன்றே காலுக்குத்தான் கடிதம் போனது. இரண்டு நட்சத்திரங்களை நான் பிடித்துக்கொண்டதில் ஒன்று இதற்காக. ஒரு வாரத்துக்கான நாள் வட்டியை முன்கூட்டியே சேர்த்து ஒப்புதல் எழுதித் தரும்படி கேட்டிருந்தால் அந்த ஓட்டம் இருந்திருக்காது.

ஒப்புதல் பேச்சுக்கு இடைத்தரகர் தேவையில்லை. பணம் வாங்கிக்கொண்டு வங்கியோடு பேசித் தருவதாகச் சொல்கிறவர்கள் செய்வதை ஸ்டெப்சேஞ்ச், சிட்டிசன்ஸ் அட்வைஸ் போன்ற அமைப்புகள் இலவசமாகவே சொல்லித் தருகின்றன. படிவத்தை அனுப்பும் முன் நாங்கள் ஒரு முறை அப்படிச் சரிபார்த்துக்கொண்டோம்.

முதல் தவணை நவம்பரில் போனது. கடைசித் தவணை 2030 அக்டோபரில். இடையில் கொஞ்சம் மொத்தப் பணம் கைக்கு வந்தால், மீதியைக் குறைத்து ஒரேயடியாக முடித்துக்கொள்ள வங்கி சம்மதிக்குமா என்று அந்த அலுவலருக்கு எழுதியிருக்கிறேன். பாதிக்கு மேல் கட்டிய பிறகு கேளுங்கள் என்று பதில் வந்திருக்கிறது.