காரைக்குடியில் ஒரு ஞாயிறு டெட் வகுப்பு: உளவியலில் தேர்ச்சி, சட்டத்தில் இல்லை

தேவகோட்டைக்கு அருகே அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளி ஒன்றில் 2006இல் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்தவள் நான். ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) என்ற பேச்சே எழாத காலத்தில் பணியில் அமர்ந்ததால், அந்தத் தேர்வு இளையவர்களின் கவலை என்றே இருந்துவிட்டேன். ஓய்வு பெற ஐந்தாண்டுகளுக்கு மேல் பணிக்காலம் உள்ளவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் தேர்ச்சி பெற்றாக வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே மாதக் கடைசியில் காரைக்குடியில் உள்ள ஒரு பயிற்சி மையத்தில் 4,500 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். ஏழு ஞாயிறுகள் வகுப்புக்குப் போய், நவம்பர் 15ஆம் தேதி, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிப்பவர்களுக்கான தாள் 1 எழுதியும் முடித்துவிட்டேன். மையத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இப்பகுதியில் இத்தகைய வகுப்பைத் தேடும் ஆசிரியர்கள், சேருவதற்கு முன் எதைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வகுப்பு நடப்பது வாடகைக்கு எடுத்த ஒரு பழைய நகரத்தார் வீட்டில். வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தை, சுற்றியுள்ள தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள். ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சி காலுக்கு இதமாக இருந்தாலும், பதினொன்றரை மணிக்கு மேல் வெயில் நேராக வெண்பலகையில் விழுவதால், வடக்குப் பக்கம் அமர்ந்தவர்களுக்கு எழுத்து தெரிவதில்லை. ஆகவே தெற்குப் பக்கம் இடம் பிடித்துக்கொள்வது நல்லது. இடைவேளையில் தேநீரோடு தரும் சீயம் என்ற பலகாரம் கட்டணத்தில் அடக்கம்.

குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறைகளும் என்ற பகுதியை நடத்தியவர், ஆசிரியர் பயிற்சி நிறுவனம் ஒன்றில் நெடுநாள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜேயின் கருத்தைப் பாடப்புத்தகத்திலிருந்து படித்துக் காட்டாமல், ஒரு பித்தளைச் செம்பில் இருந்த தண்ணீரை எங்கள் கண் முன்னால் ஒல்லியான எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, ஒன்றாம் வகுப்புக் குழந்தை எதில் தண்ணீர் அதிகம் என்று சொல்லும் என்று கேட்டார். உயரமாகத் தெரியும் டம்ளரைத்தான் அது காட்டும் என்பதைப் பத்தொன்பது ஆண்டுகளாக வகுப்பறையில் பார்த்தவள் நான். அதற்கு ஒரு பெயரும் காரணமும் உண்டு என்பது அன்றைக்குத்தான் மனத்தில் பதிந்தது. 150 மதிப்பெண்ணில் 30 இந்தப் பகுதிக்கு உரியது. அதற்காக மட்டுமே கட்டணம் கொடுத்திருந்தாலும் வருந்தமாட்டேன். தமிழும் கணிதமும் போதுமானவை. ஆங்கிலம் நடத்தியவர் அவசரக்காரர்.

குறை முழுவதும் 'சட்டமும் அரசாணைகளும்' என்ற தலைப்பில் கொடுத்த பன்னிரண்டு பக்க நகலில்தான் இருக்கிறது. தகுதித் தேர்வுச் சான்றிதழ் ஏழு ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும் என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். அந்த வரம்பை 2021 ஜூன் மாதமே நீக்கி, 2011இலிருந்து முன்தேதியிட்டு வாழ்நாள் முழுவதும் செல்லும் என்று ஒன்றியக் கல்வி அமைச்சகம் அறிவித்துவிட்டது. என் பக்கத்து நாற்காலியில் அமர்ந்த கண்டனூர்ப் பெண், 2013இல் தாள் 1 தேர்ச்சி பெற்று, லேமினேஷன் செய்த சான்றிதழைப் பையிலேயே வைத்திருந்தார். அது காலாவதி ஆகிவிட்டதாக மையத்தில் சொன்னதை நம்பித்தான் மறுபடியும் பணம் கட்டியிருக்கிறார். அவருக்கு வேலை கிடைக்காததற்குச் சான்றிதழ் காரணமன்று; தகுதித் தேர்வில் தேறியவர்களும் நியமனத்திற்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்று 2018 ஜூலையில் வந்த அரசாணை 149தான் காரணம். நகலில் அந்த ஆணையைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

பணியில் இருப்போரைப் பற்றிய பக்கமும் தவறு. ஐம்பது வயது கடந்தவர்களுக்கு விலக்கு என்று எழுதியிருந்ததைப் படித்த 52 வயதுத் தலைமையாசிரியர் ஒருவர், இனி வரப்போவதில்லை என்று எழுந்தே விட்டார். தமிழ்நாட்டில் ஓய்வு வயது 60 என்பதால், தீர்ப்பு வந்த நாளில் 55 வயதை எட்டாத எவரும் எழுதியே ஆக வேண்டும். எட்டியவர்களும் தேர்ச்சி பெறாமல் பணியில் தொடரலாமே தவிர, பதவி உயர்வு கோர முடியாது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளைப் பற்றிய கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருப்பதையும் நகல் சொல்லவில்லை, எங்களோடு அத்தகைய பள்ளிகளின் ஆசிரியர்கள் மூவர் இருந்தும்.

நான்காம் ஞாயிறு இவற்றை எடுத்துச் சொன்னேன். ஒருங்கிணைப்பாளர் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டார்; ஆனால் திருத்திய பக்கம் கடைசி வாரம் வரை வரவில்லை. அதற்கு ஈடாக என்றே எண்ணுகிறேன், கல்வி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரை ஆறாம் ஞாயிறு அழைத்து வந்தார்கள். உதவி பெறும் பள்ளியில் நியமிப்பது நிர்வாகம், ஊதியம் தருவது அரசின் கற்பிப்பு மானியம் என்ற இடத்திலிருந்து அவர் தொடங்கினார். செயலர் கொடுக்கும் நியமன ஆணை வட்டாரக் கல்வி அலுவலர் வழியாக மாவட்டக் கல்வி அலுவலருக்குப் போய், ஒப்புதல் வந்த பிறகே ஊதியப் பட்டியலில் பெயர் ஏறும் என்பதையும், ஆகஸ்ட் 1ஆம் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பணியிடம் நிர்ணயிக்கப்படுவதையும், அறுபது குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்ற கல்வி உரிமைச் சட்டக் கணக்கையும் பலகையில் வரைந்து காட்டினார். தகுதி இல்லையென்றால் ஒப்புதல் இல்லை, ஒப்புதல் இல்லையென்றால் மானியம் இல்லை என்ற சங்கிலி அந்தப் படத்தில்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது. என் சொந்த ஒப்புதல் வர அந்நாளில் பதினான்கு மாதங்கள் ஆயின. அத்தனை மாதமும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து உண்டு, சம்பளம் இல்லை. இந்த ஒரு மணி நேர உரையை முதல் வாரமே வைத்திருந்தால் அந்த நகலே தேவைப்பட்டிருக்காது.

மாதிரித் தேர்வுகள் ஐந்து என்று சொல்லி மூன்றுதான் நடத்தினார்கள். விடைத்தாள்களை மட்டும் அன்றன்றே திருத்திக் கொடுத்தார்கள். கண்டனூர்ப் பெண் ஐந்தாம் வாரத்தோடு நின்றுவிட்டார். கட்டிய பணத்தில் பாதியையாவது திருப்பித் தரும்படி கேட்டதற்கு, அடுத்த பிரிவில் சேர்ந்தால் கழித்துக்கொள்ளலாம் என்று பதில் சொன்னார்களாம்.