போனில் 50,000, ஆஃபர் லெட்டரில் 40,000: கையெழுத்துக்கு முன் மூன்று வழிகள்

எச்.ஆர். போனில் "மாசம் 50,000 சார்" என்றார். மெயிலில் வந்த ஆஃபர் லெட்டரில் அந்தத் தொகையைக் காணோம். இப்போது மூன்று வழிகள் இருக்கின்றன: கையெழுத்துப் போட்டுச் சேர்ந்த பிறகு கேட்பது, கையெழுத்தை நிறுத்தி வைத்து எழுத்தில் கேட்பது, வேண்டாமென்று விலகுவது.

எதைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பும் லெட்டரில், பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில், இருக்கும் சம்பள அட்டவணையைப் பாருங்கள். சி.டி.சி. (உங்களுக்காக நிறுவனம் வருடத்துக்குச் செலவிடும் மொத்தத் தொகை) 6 லட்சம் என்றால் மாதக் கணக்கு 50,000. பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 25,000 என்று வைத்துக்கொள்வோம். வேலைத்திறனைப் பொறுத்துத் தரும் வேரியபிள் சி.டி.சி.யில் 10 சதவீதம் என்று 5,000, நிறுவனத்தின் பி.எஃப். பங்கு 1,800, வேலையை விடும்போது தரும் பணிக்கொடையான கிராச்சுட்டி பேசிக்கில் 4.81 சதவீதம் என்று 1,202 போக 41,998 மிஞ்சும். அதில் உங்கள் பி.எஃப். பங்கு 1,800 கழிந்தால் 40,198. இரண்டு பி.எஃப். பங்கையும் முழு பேசிக்கில் 12 சதவீதமாகப் பிடித்தால் 37,798 தான். தொழில் வரி தனி. பி.எஃப். எப்படியும் உங்கள் பணம். வேரியபிள் அப்படியில்லை, வந்தால்தான் வந்தது. கிராச்சுட்டிக்கு நிரந்தர ஊழியர் பொதுவாக ஐந்து வருடம் இருக்க வேண்டும்.

ஆக, போனில் சொன்னது சி.டி.சி.யா, கைக்கு வருவதா என்பது முதலில் தெரிய வேண்டும். "கைக்கு 50,000" என்று தெளிவாகப் பேசியிருந்தாலோ, சி.டி.சி.யே 5 லட்சமாக இறங்கியிருந்தாலோ அது நிஜமான வெட்டு. கீழே உள்ளது அப்படி வெட்டு விழுந்தவர்களுக்கானது.

"சேர்ந்தப்புறம் பாத்துக்கலாம்" என்பதுதான் வீட்டில் எல்லோரும் சொல்வது. பழைய வேலையை விட்டாகிவிட்டது, இ.எம்.ஐ. ஓடுகிறது என்றால் அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் விலை அதிகம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன்படி வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும்தான். ஆனால் எழுதிய ஒப்பந்தம் வந்தபின், அதன் விதிகளை மாற்ற வாய்ப்பேச்சைச் சாட்சியாகக் கொண்டுவர சாட்சியச் சட்டம் பொதுவாக இடம் தராது. போதாததற்கு, முன்பு பேசியதெல்லாம் ரத்து என்ற வரி பல லெட்டர்களில் இருக்கும். அடுத்த இன்க்ரிமென்ட் சதவீதமும் இந்தக் குறைந்த தொகையின் மேல்தான். அடுத்த கம்பெனி மூன்று மாத பே ஸ்லிப் கேட்கும்போதும் இதே எண்தான் முன்னால் நிற்கும். ஒரு தடவை விட்டுக்கொடுத்தது வருடக்கணக்கில் தொடரும்.

நான் சொல்வது இரண்டாவது வழி: கையெழுத்துப் போடாமல் எழுதிக் கேளுங்கள். லெட்டர் வந்த அதே மெயிலுக்குப் பதில் போடுங்கள். எந்தத் தேதியில், யாருடன், எந்தத் தொகை பேசப்பட்டது, லெட்டரில் எவ்வளவு இருக்கிறது, திருத்திய லெட்டர் கிடைக்குமா? நான்கு வரி போதும். "ஏமாத்திட்டீங்க" என்ற தொனி வேண்டாம்; உண்மையிலேயே தட்டச்சுப் பிழையாக இருக்கலாம். அவர்கள் போன் செய்து சமாதானம் சொன்னால், பேசி முடித்த கையோடு "இப்போது நீங்கள் சொன்னது இது" என்று ஒரு மெயில் அனுப்பிவிடுங்கள்.

பெரும்பாலும் இரண்டு பதில்கள் வரும். "இந்த பேண்டுக்கு (சம்பளப் படிநிலைக்கு) இவ்வளவுதான், வேணும்னா ஜாயினிங் போனஸ் தர்றோம்" என்பது ஒன்று. வாங்கலாம், ஆனால் ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா பாருங்கள். அடிப்படைச் சம்பளம் இதனால் ஒரு ரூபாயும் ஏறாது. "ஆறு மாசத்துல ரிவ்யூ பண்றோம்" என்பது மற்றொன்று. எந்த மாதம், எந்தத் தொகை என்று லெட்டரிலேயே இருந்தால் சரி. வாயளவில் சொன்னால், இப்போது நடந்ததே மறுபடி நடக்கும்.

கேட்டதற்காக ஆஃபரையே திரும்பப் பெற்றுவிடுவார்களோ என்று பயம் வரும். அப்படியும் நடக்கலாம். மரியாதையாகக் கேட்ட ஒரு கேள்வியையே தாங்காத இடத்தில் விடுப்பும் ஓவர்டைமும் எப்படிக் கேட்பீர்கள் என்று யோசியுங்கள்.

விலகுவது, பழைய வேலை கையில் இருப்பவருக்கு மலிவு, நோட்டீஸ் கொடுத்துவிட்டவருக்குக் கடினம். அதனால்தான் திருத்திய லெட்டர் கைக்கு வரும்வரை ராஜினாமாவை அனுப்பாதீர்கள் என்கிறேன். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், ரிலீவிங் தேதிக்கு முன்பே பழைய மேனேஜரிடம் பேசிப் பாருங்கள். ராஜினாமாவை ஏற்றுக்கொண்டுவிட்டால், பொதுவாகப் பழைய நிறுவனம் சம்மதித்தால்தான் அதைத் திரும்பப் பெற முடியும். உங்கள் இடத்துக்கு ஆள் எடுத்துவிட்டால் அந்தக் கதவும் மூடிவிடும்.