புக்கிட் கியாராவின் சேற்றில் கேன்யன் இன்ஃப்லைட்

மாத்தியூ வான் டெர் போல் என்ற நெதர்லாந்து வீரரைக் கோலாலம்பூரில் சைக்கிள் ஓட்டும் பெரும்பாலோர் சாலைப் பந்தயங்கள் வழியாகவே அறிவார்கள். ஆனால் அவரை வளர்த்தது, சேறும் மேடும் தடைகளும் நிறைந்த பாதையில் ஓட்டும் சைக்ளோகிராஸ் பந்தயம். 2015-இல் செக் நாட்டின் டாபோரில் 20 வயதில் முதல் உலகப் பட்டத்தை வென்ற அவர், 2025-இல் பிரான்சின் லியேவினில் ஏழாவது பட்டத்தைப் பெற்று, பெல்ஜியத்தின் எரிக் டி விளாமிங்கின் சாதனையைச் சமன் செய்தார். 2019 முதல் அவர் இப்பட்டங்களை வென்றது கேன்யன் இன்ஃப்லைட் என்ற வண்டியில். பயன்படுத்திய நிலையில் நான் வாங்கி, கோலாலம்பூரின் புக்கிட் கியாராவில் ஓட்டிவரும் அதே வகை வண்டியைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

இதை மற்ற சைக்கிள்களிலிருந்து பிரித்துக் காட்டுவது மேல்குழாய். இருக்கையை நெருங்கும் இடத்தில் அது சட்டென்று மேல்நோக்கி வளைகிறது. முதல் பார்வைக்கு ஏதோ அடிபட்டு வளைந்தது போலத் தோன்றும் அந்த வளைவு, வண்டியைத் தோளில் போடும்போதுதான் தன் பயனைச் சொல்கிறது: சட்டத்தின் நடு இடைவெளி விரிவதால் கை தடையின்றி நுழைகிறது, குழாய் தோளில் வழுக்காமல் அமர்கிறது. சைக்ளோகிராஸ் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பந்தயம். மிதிக்க முடியாத மேட்டில் இறங்கி வண்டியைச் சுமந்து ஓட வேண்டும், 40 சென்டிமீட்டர் வரை உயரமுள்ள பலகைகளைத் தாண்ட வேண்டும். வான் டெர் போல் பெரும்பாலும் இறங்காமலேயே பலகைகளைத் துள்ளிக் கடப்பார். நம்மைப் போன்றோருக்கு இறங்குவதே நல்லது.

புக்கிட் கியாரா ஒரு காலத்தில் நம்மவர்கள் பால் வெட்டிய ரப்பர் தோட்டம். பழைய மரங்களுக்கிடையே வளைந்து செல்லும் ஒற்றையடிப் பாதைகளில், மாலை மழைக்குப் பிறகு வேர்களும் செம்மண்ணும் சேர்ந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். அங்கே வண்டியைத் தோளில் ஏற்றி மேட்டைக் கடந்து, மறுபுறம் மீண்டும் ஏறி மிதிப்பது இந்த வண்டியில் எளிது. டயரின் அகலத்தைப் பந்தய விதி 33 மில்லிமீட்டருக்குள் நிறுத்துகிறது. அந்த மெல்லிய டயரில் காற்றைக் குறைத்தால் ஈர மண்ணில் பிடிப்பு வியக்கும்படி இருக்கிறது. அளவுக்கு மீறிக் குறைத்தால் வேரில் மோதும் ஒவ்வொரு முறையும் ரிம் அடிவாங்கும். உள் டியூப் இல்லாத டியூப்லெஸ் டயர் போட்டிருப்பவர்கள், நம் வெயிலில் ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றிய திரவம் சீக்கிரம் காய்வதால், அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும்.

செங்குத்தான இறக்கம் வேறு கதை. அதிர்வைத் தாங்கும் முன்புற சஸ்பென்ஷன் இல்லாததால் பள்ளங்களின் அதிர்வு முழுவதும் மணிக்கட்டில் இறங்குகிறது. இதைக் குறையென்று சொல்ல மாட்டேன்; மலைச் சைக்கிளின் வேலையை இதனிடம் எதிர்பார்ப்பதுதான் தவறு. வான் டெர் போலும் அதற்கு வண்டியை மாற்றிக்கொள்கிறார். மலைச் சைக்கிளில் 2018-இல் உலகப் போட்டியில் வெண்கலம், 2019-இல் ஐரோப்பியப் பட்டம் என்று உயர்ந்த அவர், 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், பயிற்சியின்போது சாய்வுப் பலகை வைத்திருந்த ஒரு பாறை இறக்கத்தில் பந்தயத்தன்றும் அது இருக்கும் என்று நம்பி இறங்கி விழுந்தார். அத்தனை தேர்ச்சியுள்ளவரையே வீழ்த்தும் இறக்கங்களை இந்த மெல்லிய டயர்களை நம்பிப் பாய்வது துணிச்சல் ஆகாது.

ஏற்கனவே ஒரு மலைச் சைக்கிள் வைத்திருந்து, வேகமான இன்னொன்றைத் தேடுபவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஒரே வண்டிதான் வாங்க முடியும் என்றால் அகல டயர் போடக்கூடிய, சரளைப் பாதைக்கான கிராவல் சைக்கிளே மேல். பழைய வண்டி வாங்குவோர், பேரம் பேசுமுன் சட்டத்தை நன்றாகக் கழுவச் சொல்லி, மேல்குழாய் வளைவின் அடிப்புறத்திலும் பெடல் அச்சைச் சுற்றியும் டார்ச் அடித்துக் கார்பனில் விரிசல் உள்ளதா என்று பார்க்க வேண்டும்.